ரப்பர்க் காட்டில் மரத்துப்பாக்கி

போர் மீள்நடிப்பு என்பது நடந்து முடிந்த ஒரு போரை அதே உடை, அதே சுமை, அதே நடை என்று உடம்பால் செய்து பார்க்கும் பொழுதுபோக்கு. மேடை நாடகத்தில் பார்ப்பவர் கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தால் போதும். மீள்நடிப்பில் சட்டையின் உள்தையல்கூட அந்தக் காலத்துக்கு ஒத்துப்போக வேண்டும் என்று அடம் பிடிக்கும் ஆட்கள் உண்டு. சண்டைக் காட்சி சில நிமிடங்களில் முடிந்துவிடும். முகாம் போடுவது, காவல் நிற்பது, கிழங்கு அவிப்பது, நனைந்த காலணியோடு நடப்பது என்று மீதிப் பொழுது கழியும். வேடிக்கை பார்க்க வருபவர்கள் அந்தச் சில நிமிடங்களுக்காக வருகிறார்கள். இதில் நெடுங்காலம் ஊறியவர்கள் மீதிப் பொழுதுக்காக வருகிறார்கள்.

அமெரிக்காவில் உள்நாட்டுப் போரின் நூற்றாண்டையொட்டி 1961இல் மனாசஸ் களத்தில் முதல் புல்ரன் சண்டையைப் பெரிய அளவில் நடத்திக் காட்டினார்கள். இங்கிலாந்தில் பிரிகேடியர் பீட்டர் யங் 1968இல் தொடங்கிய ‘சீல்டு நாட்’ சங்கம் 17ஆம் நூற்றாண்டு உள்நாட்டுப் போரைக் கையிலெடுத்தது. ரஷ்யாவின் போரோடினோ களத்தில் நெப்போலியன் காலத்துச் சண்டையைச் செப்டம்பரில் நடத்திக் காட்டுவது வழக்கமாக இருந்துவந்திருக்கிறது. இவை எல்லாம் பணமும் பரந்த புல்வெளியும் உள்ள இடங்கள். மலேசியத் தோட்டத் தமிழர்களுக்கு இவற்றுள் எதுவும் பக்கத்து வீட்டுச் செய்தி அல்ல. ஆனால் வேஷம் கட்டுவது அவர்களுக்குப் புதிதும் அல்ல. காமன் கூத்தில் ரதியும் மன்மதனும் லயத்து (தொழிலாளர் வரிசைவீட்டு) வாசலில் நின்றிருக்கிறார்கள். பகலில் மரம் சீவியவர் இரவில் வேஷம் கட்டி ஆடியதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, சட்டை மாறினால் ஆள் மாறுவான் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தம்பின் வட்டாரத்தில் இந்தப் பொழுதுபோக்குக்கு இயல்பான ஒரு காரணம் இருக்கிறது. இரண்டாம் உலகப்போர் அந்த ஊரின் சாலை வழியாகவே போனது. நெகிரி செம்பிலானின் தென்கோடியில், மலாக்கா எல்லையை ஒட்டி இருக்கும் தம்பினிலிருந்து கெமிஞ்சே வழியாகக் கிம்மாஸ் போகும் பாதை அன்றைக்கு மலாயாவின் முதுகெலும்பான பெருஞ்சாலையின் ஒரு துண்டு. 1941 டிசம்பர் 8 அன்று கோத்தா பாருவில் இறங்கிய ஜப்பானியர் 1942 ஜனவரி 11இல் கோலாலம்பூரைப் பிடித்தார்கள். சிரம்பானும் தம்பினும் அதற்கடுத்த நாள்களில் அவர்கள் கைக்குப் போயின. பின்வாங்கிக்கொண்டே இருந்த பிரிட்டிஷ் தரப்பு, கிம்மாஸ் பக்கத்தில் முதன்முறையாக ஆஸ்திரேலியக் காலாட்படையை முன்னால் நிறுத்தியது. மேஜர் ஜெனரல் கார்டன் பென்னட்டின் பொறுப்பில் இருந்த பகுதி அது. நிறுத்தப்பட்டது லெப்டினன்ட் கர்னல் ஃப்ரெடரிக் காலஹனின் 2/30ஆம் பட்டாளம்.

அவர்கள் தேர்ந்தெடுத்த இடம் கிம்மாசுக்கு மேற்கே சுமார் 11 கிலோமீட்டரில் இருந்த ஆற்றுப் பாலம். புத்தகங்கள் அதைக் கெமிஞ்சே பாலம் என்கின்றன. வட்டாரத்தார் சுங்கை கெலாமா என்கிறார்கள். அதே பெயரில் ஒரு தோட்டமும் தோட்டத் தமிழ்ப் பள்ளியும் உண்டு. பாலத்தைத் தாண்டியதும் சாலை மேட்டை வெட்டிக்கொண்டு போகும். இரு பக்கமும் காடு. கேப்டன் டெஸ்மண்ட் டஃபியின் ‘பி’ கம்பெனி அந்தக் காட்டுக்குள் படுத்துக் காத்திருந்தது. ஜனவரி 14 பிற்பகல் நான்கு மணி வாக்கில் ஜப்பானியர் சைக்கிளில் வந்தார்கள். துப்பாக்கியை வண்டியில் கட்டிவைத்துவிட்டு, அரட்டை அடித்துக்கொண்டு, கூட்டங்கூட்டமாக வந்தார்கள். முன்வரிசையில் வந்த சில நூறு பேரைப் பாலம் தாண்ட விட்டுவிட்டு, பாலத்தின் மீது கூட்டம் நிறைந்திருந்தபோது வெடி வைத்தார்கள். இருபது நிமிடம்போல் பிரென் துப்பாக்கியும் கையெறி குண்டும் பேசின. பின்னாலிருந்த பீரங்கிகளைக் கூப்பிட வேண்டிய நேரத்தில் தொலைபேசிக் கம்பி வேலை செய்யவில்லை. பாலம் தாண்டிப்போன ஜப்பானியர் அதை அறுத்திருந்தார்கள். ஒரு பீரங்கிக் குண்டுகூட விழவில்லை.

மறுநாள் கிம்மாசை அடுத்து டாங்கிகளோடு இன்னொரு சண்டை நடந்தது. இரண்டு நாளிலும் சேர்த்து ஆஸ்திரேலியர்களில் ஏறக்குறைய 80 பேர் மாண்டும் காயமுற்றும் காணாமலும் போனார்கள். ஜப்பானியர் இழப்பு பல நூறு என்று ஆஸ்திரேலியக் கணக்கு சொல்லும். ஜப்பானியக் கணக்கு அதைவிடக் குறைவு. உடைந்த பாலத்தைச் சில மணி நேரத்தில் மரம் போட்டுச் சரிசெய்துகொண்டு ஜப்பானியர் மேலே நகர்ந்துவிட்டார்கள். ஒரு மாதத்தில், பிப்ரவரி 15 அன்று, சிங்கப்பூர் சரணடைந்தது.

மீள்நடிப்பில் இறங்கும் தம்பின்காரர் யாரும் முதலில் கைவைப்பது இந்தப் பாலச் சண்டையில்தான். தொண்ணூறுகளின் கடைசியில் அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்து, சிரம்பானிலும் மலாக்காவிலும் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்த சில இளைஞர்களும் அப்படித்தான் தொடங்கினார்கள். சங்கம், பதிவு, பெயர்ப்பலகை எதுவும் கிடையாது. போர்டிக்சனில் இருக்கும் இராணுவ அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு, அடுத்த ஞாயிறு தையற்கடையில் போய் நின்றது. அவ்வளவே அதன் தொடக்கம்.

தையற்கடைக்குப் போகுமுன் தீர்மானித்திருக்க வேண்டிய ஒன்று உண்டு: எந்த ஆள்? மீள்நடிப்பில் இதுதான் முதற்கேள்வி, மற்றதெல்லாம் இதற்குப் பின்னால் வருகிறது. எந்த நாடு, எந்தப் படை, எந்த ஆண்டு, எந்தப் பதவி என்று ஒரே ஆளாகக் குறுக்கிக்கொண்டால்தான் துணியின் நிறமும் பொத்தானின் வகையும் தெரியவரும். ‘இரண்டாம் உலகப்போர் சிப்பாய்’ என்று பொத்தாம்பொதுவாகத் தொடங்குபவர்கள் ஒரு காலத்துத் தொப்பியும் இன்னொரு காலத்துப் பெல்ட்டுமாக, எந்தப் பட்டாளத்திலும் சேராத ஆளாக நிற்பார்கள். தம்பின் இளைஞர்களின் முதல் விருப்பம் ஆஸ்திரேலியச் சிப்பாய். ஒரு பக்கம் மடித்த அகலத் தொப்பியின் கவர்ச்சி அது. தோலின் நிறம் ஒத்துவராதே என்ற பேச்சும் வந்தது. மேலை நாடுகளில் இதற்கு இன்றும் ஒரே விடை கிடையாது; முகம் எதுவானாலும் உடையும் நடத்தையும் சரியாக இருந்தால் போதும் என்பது ஒரு கட்சி, படத்தோடு பொருந்தாத ஆள் பார்வையாளரைக் குழப்புவார் என்பது மறுகட்சி. முதற்கட்சியே நியாயமானது என்று தோன்றுகிறது. இருந்தாலும் அந்தப் பேச்சால் ஒரு நன்மை விளைந்தது: அந்தச் சண்டை நடந்த வருடங்களில் தங்கள் தாத்தாவும் பாட்டியும் என்ன உடுத்தியிருந்தார்கள் என்று கேட்கப் போனார்கள்.

அங்கே கிடைத்தது புத்தகத்தில் இருந்ததைவிட அதிகம். தம்பின் தோட்டத்து ஆளுக்கு ஜப்பான் காலத்தில் மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, லயத்திலேயே கிடந்து மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் நட்டுப் பிழைப்பது. ரப்பரை வாங்க ஆளில்லை, அரிசி இல்லை, வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டு கட்டுக்கட்டாக இருந்தாலும் துணி கிடைக்காமல் கோணிச் சாக்கை வெட்டி உடுத்தினார்கள். இரண்டாவது, சயாம் ரயில் எனப்பட்ட சயாம்–பர்மா ரயில்பாதை வேலைக்குப் பிடிபட்டுப் போவது. மூன்றாவது, இந்திய தேசிய இராணுவத்தில் (ஐ.என்.ஏ.) சேர்வது. சயாமுக்குப் பிடித்துப் போவதிலிருந்து தப்பவே ஐ.என்.ஏ.யில் சேர்ந்தவர்களும் உண்டு, சுபாஷ் சந்திர போஸின் பேச்சில் மயங்கிச் சேர்ந்தவர்களும் உண்டு. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தே இருந்ததும் உண்டு. வயதானவர்கள் அதை மறைத்துப் பேசவில்லை.

சயாம் ரயில் தம்பினை வேறு வகையிலும் தொட்டது. தம்பினிலிருந்து மலாக்காவுக்கு ஒரு கிளை ரயில்பாதை ஓடிக்கொண்டிருந்தது. ஜப்பானியர் அதன் தண்டவாளங்களைப் பெயர்த்து சயாம்–பர்மா பாதைக்குக் கொண்டுபோனார்கள். போருக்குப் பிறகு அது திரும்பப் போடப்படவில்லை; தம்பினை ஒட்டிய புலாவ் செபாங் நிலையத்திலிருந்து மலாக்கா நகருக்குப் பேருந்திலோ டாக்சியிலோதான் போக வேண்டியிருக்கிறது. தாய்லாந்தின் பான் போங் பக்கமிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை சுமார் 415 கிலோமீட்டர் நீண்ட அந்தப் பாதை 1943 அக்டோபரில் இணைக்கப்பட்டது. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன பல்லாயிரம் தமிழர்கள் அங்கே காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் செத்தார்கள். கெலாமா பாலத்தில் சண்டையிட்டுச் சிங்கப்பூரில் கைதியான 2/30ஆம் பட்டாளத்து ஆட்களில் பலரும் 1943இல் அதே பாதைக்கு அனுப்பப்பட்டார்கள். தண்டவாளம், தோட்டத்து ஆள், அந்தச் சாலையைக் காத்த சிப்பாய் என்று மூன்றும் ஒரே இடத்துக்குப் போயிருக்கின்றன. இதைத் தெரிந்துகொண்ட பிறகு, பாலத்து இருபது நிமிடத்தை மட்டும் நடித்துக் காட்டுவது அந்த இளைஞர்களுக்கு அரைகுறையாகப் பட்டது.

கடைசியில் அவர்கள் எடுத்த ஆள், 1943–44இல் மலாயாவில் பயிற்சி பெற்ற ஐ.என்.ஏ. சிப்பாய். போஸ் 1943 ஜூலை 2 அன்று சிங்கப்பூர் வந்து, 4ஆம் தேதி இந்திய விடுதலை இயக்கத்தின் தலைமையை ஏற்று, 5ஆம் தேதி படையைப் பார்வையிட்டார். அதன்பின் தோட்டங்களிலிருந்து சிவிலியன்கள் பெருமளவில் சேர்ந்தார்கள். தொடங்குபவருக்கு இந்தத் தேர்வில் கைச்செலவும் குறைவு. ஐ.என்.ஏ. உடுத்தியது பெரும்பாலும் பிரிட்டிஷ் இந்தியப் படையின் காக்கியே. தோளில் சாய்த்தது பிரிட்டிஷாரிடமிருந்து ஜப்பானியர் கைப்பற்றிய லீ–என்ஃபீல்டு துப்பாக்கி. சின்னத்தைக் கழற்றிவிட்டு வேறு சின்னம் குத்தினால் அதே காக்கி 1942இன் பிரிட்டிஷ் இந்தியச் சிப்பாய்க்கும் ஆகும்.

பெண்களுக்கும் இதில் ஒட்டுவேலை இல்லாத இடம் உண்டு. மற்ற பல போர்களின் மீள்நடிப்பில் பெண்களுக்குத் தாதி வேடம் கொடுத்து உட்காரவைப்பதே வழக்கம். ஐ.என்.ஏ.யின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் 1943 அக்டோபர் 22 அன்று சிங்கப்பூரில் திறந்தது. கேப்டன் லட்சுமி அதன் தலைவர். கோலாலம்பூரிலிருந்து போன ஜானகி ஆதி நாகப்பன் பதினெட்டு வயதைத் தொட்டுக்கொண்டிருந்த பெண். பின்னாளில் மலேசிய மேலவை உறுப்பினராகி, 2000இல் இந்திய அரசின் பத்மஸ்ரீ பெற்றார். வசதியான வீட்டுப் பெண்கள் பெயரோடு நினைக்கப்படுகிறார்கள். அணியில் நின்றவர்களில் பெரும்பாலோர் பால் வெட்டிய தோட்டத்துப் பெண்கள், அவர்கள் பெயர் பெரும்பாலும் எங்கும் அச்சாகவில்லை. புதிதாகத் தொடங்கும் தோட்டத்துப் பெண்ணுக்கு அந்தப் பெயரில்லாதவர்தான் நல்ல வேடம். அரைக்கைக் காக்கிச் சட்டை, கால்சட்டை, படகுத் தொப்பி, கழுத்தளவுக்குக் குறைத்த கூந்தல். மற்றதெல்லாம் தைத்துவிடலாம், கூந்தலை வெட்ட இன்றைக்கும் வீட்டில் சண்டை போட வேண்டியிருக்கிறது. 1943இலும் போட்டிருப்பார்கள்.

துணியில் காட்டும் அக்கறைதான் இந்தப் பொழுதுபோக்கில் ஆளை அடையாளம் காட்டும். அந்தக் காலத்துக் காக்கி டிரில் என்பது சாய்வரி ஓடும் தடித்த பருத்தி. இன்று பள்ளிச் சீருடைக்கும் காவலாளிச் சட்டைக்கும் விற்கும் காக்கியில் பாலியெஸ்டர் கலந்திருக்கும். வெயிலில் பளபளக்கும், வியர்வையை உறிஞ்சாது, பத்து மீட்டர் தூரத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். நூலை நெருப்பில் காட்டினால் பருத்தி சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகி முடிச்சாகும். துணிக்கடையில் தீப்பெட்டியை எடுத்தால் கடைக்காரர் முறைப்பார் என்பதால், ஒரு நூலைக் கேட்டு வாங்கி வெளியே வந்து கொளுத்திப் பார்ப்பது நல்லது. பொத்தான் பிளாஸ்டிக்காக இருக்கக் கூடாது. உலோகமோ கொட்டாங்கச்சியோ போதும். கால்சட்டைக்கு ஜிப் கிடையாது. முழங்கால்வரை வரும் அகலமான அரைக்கால் சட்டையை எப்படி வெட்டுவது என்று தம்பின் பக்கத்துப் பழைய தையற்காரர்களுக்குச் சொல்லவே வேண்டியதில்லை. தோட்டத்துத் துரைகளுக்கும் கிராணிகளுக்கும் அதையே தைத்துத் தைத்துப் பழகிய கை.

காலில் சுற்றும் பட்டியைக் கணுக்காலில் தொடங்கி மேலே சுற்ற வேண்டும். இறுக்கினால் கால் மரத்துப்போகும், தளர்த்தினால் ஒரு மைல் போவதற்குள் அவிழ்ந்து பின்னால் வரும். இதைப் படத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியவில்லை. சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து இளைஞர்களை வேடிக்கை பார்த்த ஒரு பெரியவர், இளம்வயதில் ஐ.என்.ஏ.யில் இருந்தவர், எழுந்து வந்து குனிந்து தானே சுற்றிவிட்டார். பிறகு அணிவகுப்பையும் திருத்தினார். “சாவ்தான்னு சொன்னா கண்ணுகூட அசையக் கூடாதுடா தம்பி. நீங்க என்னமோ பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நிக்கிறீங்க.” ஐ.என்.ஏ.யில் கட்டளைகள் இந்துஸ்தானியில் இருந்தன. இந்தி ஒரு வார்த்தை தெரியாமல் போன தோட்டத்துத் தமிழர்கள் முதலில் அந்த ஒலிகளைத்தான் மனப்பாடம் செய்தார்கள். அறுபது வருடத்துக்குப் பக்கமாகியும் அவருக்கு ஒலி மாறவில்லை. பொருளை மட்டும் சில இடங்களில் யோசித்துச் சொன்னார். எந்தக் கையேட்டிலும் இல்லாத ஒரு விவரமும் அவரிடமிருந்து வந்தது: புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் துப்பாக்கி பற்றாததால் கம்பையும் மரக்கட்டையையும் தோளில் வைத்துப் பழகினார்களாம்.

இளைஞர்களுக்கு அது பெரிய நிம்மதி. மலேசியாவில் இந்தப் பொழுதுபோக்கின் பெரிய முட்டுக்கட்டை துப்பாக்கி. இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ வெற்றுத் தோட்டா போட்டுச் சுடும் அசல் துப்பாக்கியோடு களத்தில் இறங்குகிறார்கள். மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் போலித் துப்பாக்கிகளையும் விட்டுவைப்பதில்லை. பிளாஸ்டிக் குண்டு சுடும் ஏர்சாஃப்ட் விளையாட்டுக்கும் இங்கே பொதுமக்களுக்கு இடமில்லை. ஆகவே மரத்தில் செதுக்கிக்கொள்வதே வழி. லீ–என்ஃபீல்டின் எடை ஏறக்குறைய 4 கிலோ. ரப்பர் மரப்பலகையில் அதே நீளத்தில் செதுக்கினால் எடை போதாது, உள்ளே இரும்புக் கம்பி இறக்க வேண்டும். எடை சரியாக இல்லாவிட்டால் நடை சரியாக வராது. கால் மணி நேரத்தில் தோள் மாற்றும் இயல்பான அசைவே வராது. குழாய்க்கு இரும்பைத் துளைத்துப் பொருத்துவது, விசை வைப்பது போன்ற கெட்டிக்காரத்தனத்தை இங்கே காட்டக் கூடாது. கட்டையைக் கட்டையாகவே விட்டு, சாக்கில் சுற்றி எடுத்துப்போய், வட்டாரக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிடுவது நல்லது. சீருடைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். சிப்பாய் என்று பிறர் நம்பவேண்டும் என்ற நோக்கத்தோடு சிப்பாய் உடை அணிவது தண்டனைச் சட்டத்தின் 140ஆம் பிரிவின்படி குற்றம். கிம்மாசில் இன்று செயல்படும் பெரிய இராணுவ முகாம் ஒன்று இருக்கிறது. அந்தச் சாலையில் பழைய காக்கியோடு காரைவிட்டு இறங்கித் தேநீர் குடிக்கப் போவது புத்திசாலித்தனம் அல்ல. களத்தில் மாற்றிக்கொண்டு களத்திலேயே கழற்றிவிட வேண்டும்.

களம் என்று எதைச் சொல்வது என்பதும் தம்பினில் எளிதல்ல. கெலாமா பாலத்தருகே நினைவுச்சின்னம் இருக்கிறது. சாலையில் லாரிகள் பறக்கின்றன. அங்கே எதையும் நடத்த முடியாது. தோட்டத்துக்குள் போனால் வேறு சிக்கல். 1942இல் ரப்பர் இருந்த இடத்தில் இன்று பெரும்பாலும் செம்பனை நிற்கிறது. ரப்பர்க் காட்டில் வரிசை வரிசையாகத் தண்டுகள் நிற்கும், அடியில் வெளிச்சம் இருக்கும், மனிதன் நெடுந்தூரம் பார்க்கலாம், நிழலில் ஓடலாம். ஜப்பானியர் சாலையை விட்டு இறங்கி ரப்பர்க் காட்டுக்குள் சுற்றிவந்து பக்கவாட்டில் தாக்கியது அதனால்தான் சாத்தியமானது. செம்பனையில் மட்டைகள் தாழ்ந்து கண்ணை மறைக்கும், காலடியில் வெட்டிப்போட்ட முள்மட்டை கிடக்கும். செம்பனைக்குள் நடித்துப் பார்க்கும் மலாயாப் போர், நடந்த போரைப் பற்றித் தவறான பாடத்தையே சொல்லும். மறுநடவுக்குக் காத்திருந்த ஒரு கிழட்டு ரப்பர்த் துண்டு அந்த இளைஞர்களுக்குக் கிடைத்தது. சிறுதோட்டக்காரர் ஒருவர் அனுமதித்தார். பெரிய தோட்ட நிர்வாகங்களிடம் கேட்டால் கடிதம் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போகும்.

அங்கே நடந்தவற்றில் பெரும்பாலானது காத்திருப்பு. பதுங்கித் தாக்குவதை நடிக்கப் போனவர்கள் கற்றுக்கொண்டது, பதுங்குவது எவ்வளவு நீளமானது என்பதை. இரண்டு மணி நேரம் ஈர இலையில் குப்புறப் படுத்துக் கொசுவை அடிக்காமல் இருந்து பார்த்தால் டஃபியின் ஆட்களைப் பற்றி ஒரு புத்தகம் சொல்லாதது விளங்கும். பீரங்கிக்கு ஓடிய கம்பி அறுந்த கதையும் அப்படியே. பின்னால் ஒருவரை நிறுத்தி, கம்பி இல்லாமல் அவருக்குச் செய்தி அனுப்பச் சொன்னால், ஓட்டக்காரர் போய்த் திரும்புவதற்குள் சண்டையே முடிந்துபோகிறது. இருபது நிமிடம் என்பது கதையில் நீளம், களத்தில் ஒன்றுமில்லை.

ஆனால் பதுங்கித் தாக்க எதிரி வேண்டுமே. இதில்தான் தம்பின் முயற்சி மற்ற நாட்டு வழக்கத்திலிருந்து விலகியது. பின்கழுத்தில் துணி மடிப்புகள் தொங்கும் ஜப்பானியத் தொப்பியொன்றை ஒருவன் தைத்துக்கொண்டு, சரியாக வந்திருக்கிறதா என்று காட்ட லயத்துக்குப் போட்டுக்கொண்டு வந்தான். வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பாட்டி ஒருவர் அதைப் பார்த்தார். திட்டவில்லை. ஈரத்துணியை அப்படியே கூடையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவருடைய அண்ணன் சயாமுக்குப் போய்த் திரும்பாதவர் என்பது அப்போதுதான் பையன்களுக்குத் தெரிந்தது. சாயங்காலம் அவரே கூப்பிட்டுச் சொன்னார்: “வேற எந்த வேஷம் வேணும்னாலும் கட்டுங்கடா. அத மட்டும் லயத்துக்குள்ள கொண்டுவராதீங்க.” அதன்பின் ஜப்பானியர் பகுதியை வெறும் வெள்ளைப் பனியனோடு பழைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருபவர்கள் செய்தார்கள். டயரைக் கழற்றிவிட்டு ரிம்மில் உருட்டினார்கள். வெயிலில் டயர் வெடித்த பின் ஜப்பானியர் அப்படித்தான் ஓட்டினார்கள், இரவில் அந்தச் சத்தம் டாங்கி வருவதுபோல் கேட்டது என்று போர்க்குறிப்புகள் சொல்கின்றன. சீருடை இல்லாத குறையை அந்தச் சத்தம் நிரப்பிவிட்டது.

ஐரோப்பாவில் ஜெர்மன் நாஜிப் படையின் சீருடையை அணியலாமா என்று நடக்கும் வாதத்துக்கும் இதற்கும் உறவு உண்டு. அங்கே அது கொள்கைச் சண்டை. தோட்டத்தில் அது அடுத்த வாசலில் இருக்கும் ஒருவரின் அண்ணனைப் பற்றியது, ஆகவே விரைவில் முடிவாகிவிட்டது. அவசரகாலம் எனப்படும் 1948–60 காலத்தையும் அந்த இளைஞர்கள் தொடவில்லை. அதில் அரசுப் பக்கமும் கம்யூனிஸ்ட் பக்கமும் இருந்தவர்களின் பிள்ளைகள் ஒரே கடையில் சாமான் வாங்குகிறார்கள்.

ரயில்பாதைத் தொழிலாளி வேடத்தை யாரும் கட்டவில்லை. உடையைப் பொறுத்தவரை அதுவே எளிது: ஒரு கோவணம், ஒரு சாக்கு. பசியை நடிக்க முடியாது, நடித்தால் அசிங்கமாகிவிடும் என்று பேசி விட்டுவிட்டார்கள். அதற்குப் பதில் முகாமில் ஜப்பான் காலச் சாப்பாட்டை மட்டும் வைத்துக்கொண்டார்கள்: அவித்த மரவள்ளி, உப்பு, மிளகாய், சீனி போடாத கறுப்புக் காப்பி, எல்லாம் மங்குத் தட்டிலும் மங்குக் கோப்பையிலும். அசல் சிப்பாயின் டப்பா மாட்டிறைச்சி தோட்டத்து வீடுகளில் விலைபோகாது. இப்படிச் சாப்பிட்டுக்கொண்டு ஓர் இரவு தங்கினால் பக்கத்து லயங்களிலிருந்து பெரியவர்கள் தாமாகவே வந்து உட்கார்ந்து பேசினார்கள். மீள்நடிப்பாளர் ஒருவர் கையில் குறிப்பேடும் ஒலிப்பதிவுக் கருவியும் வைத்திருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம். துப்பாக்கி செதுக்கப் போகும் பணத்தில் பாதியை அதற்குச் செலவிடலாம்.

செலவு தொடக்கத்தில் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. முதலில் சட்டை, கால்சட்டை, தொப்பி. பிறகு காலணி, பித்தளைக் கண்ணி வைத்த கறுப்புத் தோல் பூட்ஸ் பழைய பொருள் விற்கும் இடங்களில் கிடைக்கும், ஆணி அடிப்பது பிறகு. அதற்குப் பிறகே 1937 வகைக் கித்தான் பட்டிகளும் பைகளும். முழுச் சுமையையும் ஒரே நாளில் தூக்கிக்கொண்டு தம்பின் வெயிலில் நடப்பது மயக்கத்தில் முடியும். முதல் பயிற்சிகளைக் காலை பத்து மணிக்குள் முடித்துவிட வேண்டும், தண்ணீரில் மட்டும் பழைய முறை பார்க்கக் கூடாது.

பொருள்களைக் காப்பது தனி வேலை. மலேசிய ஈரத்தில் காக்கி துவைத்து முழுதாகக் காயாமல் மடிக்கப்பட்டால் சில நாளில் கரும்புள்ளி விழும். எதைப் போட்டாலும் அது போகாது. தோலில் பூசணம் பிடிக்கும், துடைத்து எண்ணெய் தடவி, மூடிய பெட்டியில் போடாமல் காற்றாட வைக்க வேண்டும். பித்தளைப் பொத்தானை மெருகேற்றுவதா விடுவதா என்பது வேடத்தைப் பொறுத்தது. அணிவகுப்பில் நிற்பவருக்கு மின்ன வேண்டும், காட்டில் இருந்தவருக்கு மங்கியிருக்க வேண்டும். மரத்துப்பாக்கிக்கு ஆளிவிதை எண்ணெயே போதும். ரப்பர் மரத்தை வண்டு துளைக்கும் என்பதால் செதுக்குமுன் மருந்தூட்டிய பலகையா என்று ஆலையில் கேட்டு வாங்கினால் அது பல வருடம் நிற்கும்.